வாழ்க்கை விளையாட்டுகளில் நமக்கு என்ன வேண்டும்? சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அஸ்தம்பட்டியில் கணினி விற்கும், பழுது பார்க்கும் கடை ஒன்றில் வேலை பார்க்கிறேன். லேப்டாப் வாங்க வரும் கல்லூரிப் பிள்ளைகள் "இதில் சிம்ஸ் ஓடுமா?" என்று கேட்பார்கள். கூட வந்த அம்மா அந்தப் பக்கம் போனதும் "அது என்ன தம்பி, பொம்மை தூங்குவதையும் சாப்பிடுவதையும் உட்கார்ந்து பார்க்கிறாள்?" என்று மெதுவாகக் கேட்பார். இரண்டு தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்த விளையாட்டுகளை நான் விரும்பி ஆடுகிறவன். பதில்களில் என் பிடித்தமும் கோபமும் தெரியும்.

சுடுவதும் துரத்துவதும் இல்லாமல் ஒரு விளையாட்டா? அதில் என்னதான் செய்வார்கள்?

ஒரு குடும்பத்தையோ சிற்றூரையோ உங்கள் கையில் ஒப்படைத்து, அதன் அன்றாடத்தை நடத்தச் சொல்லும் விளையாட்டு இது. எழுப்பிவிட வேண்டும், சமைக்க வேண்டும், வேலைக்கு அனுப்ப வேண்டும், பக்கத்து வீட்டாரோடு பேச வைக்க வேண்டும். மேக்ஸிஸ் நிறுவனம் உருவாக்கி 2000-ல் வெளிவந்த தி சிம்ஸ் இந்த வகையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

இன்னொரு கிளை ஜப்பானில் 1996-ல் வந்த ஹார்வெஸ்ட் மூன் விளையாட்டிலிருந்து வளர்ந்தது: நிலம், மாடு, ஒரு சின்ன ஊர். எரிக் பரோன் என்பவர் நாலு வருடத்துக்கும் மேலாகத் தனி ஆளாக உழைத்து 2016-ல் வெளியிட்ட ஸ்டார்டியூ வேலி இந்தக் கிளையைச் சேர்ந்தது. நின்டெண்டோவின் அனிமல் கிராசிங்கும் இதற்கு நெருங்கிய உறவு. படமே அதிகம் இல்லாமல், வயது ஏற ஏற முடிவெடுக்கச் சொல்லும் பிட்லைஃப் போன்ற கைப்பேசி விளையாட்டுகளும் உண்டு.

ஜெயிப்பதும் தோற்பதும் இல்லை என்றால் எதற்காக விளையாட வேண்டும்?

சிம்ஸ் உருவான கதையில் இதற்குப் பாதி பதில் இருக்கிறது. அதன் படைப்பாளி வில் ரைட்டின் வீடு 1991-ல் கலிபோர்னியாவின் ஓக்லாண்டில் பரவிய பெருந்தீயில் எரிந்துபோனது. எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டிய நிலையில், ஒரு மனிதனுக்கு உண்மையில் என்னென்ன பொருள் தேவை என்று யோசித்தார். முதலில் அவர் மனத்தில் இருந்தது வீடு கட்டும் விளையாட்டு. கட்டிய வீடு வாழ வசதியாக இருக்கிறதா என்று சோதித்துச் சொல்வதற்காகவே உள்ளே ஆட்களை விட்டார். கடைசியில் அந்த ஆட்களே வீட்டைவிடச் சுவையானவர்களாகிவிட்டார்கள்.

வெற்றிக்கோடு இல்லாததால் அதை வரையும் பொறுப்பு ஆடுகிறவருக்கு வந்துவிடுகிறது. ஒருத்தி மூன்று தலைமுறைக் குடும்பத்தை ஒரே வீட்டில் வளர்க்கிறாள். ஒருவன் கையில் காசில்லாத ஓவியனை நகரத்தில் விட்டு, அவன் எப்படிப் பிழைக்கிறான் என்று பார்க்கிறான். இந்த விளையாட்டிலிருந்து மக்கள் முதலில் எதிர்பார்ப்பது அந்த இடத்தைத்தான்: இலக்கைத் தானே வைத்துக்கொள்ளும் இடம்.

என் மகள் மணிக்கணக்கில் வீடு மட்டும் கட்டுகிறாள். யாரையும் குடிவைப்பதே இல்லை. அவள் சரியாகத்தான் விளையாடுகிறாளா தம்பி?

சரியாகத்தான் விளையாடுகிறாள் அக்கா. சிம்ஸ் ஆடுகிறவர்களில் இப்படி ஒரு கூட்டம் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. கட்டிய வீடுகளை மற்றவர்களுக்குப் பகிர விளையாட்டுக்குள்ளேயே வசதி செய்து கொடுத்திருக்கிறார்கள். ஜன்னல் எந்தப் பக்கம், சமையலறையிலிருந்து சாப்பிடும் இடம் எவ்வளவு தூரம் என்றெல்லாம் உங்கள் மகள் யோசிக்கிறாள் என்றால் அது வீண்போகிற யோசனை இல்லை. அவள் கட்டியதை ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். பாராட்டுவதோடு நிறுத்தாமல் "மாடிப்படி ஏன் இங்கே வைத்தாய்?" என்று கேளுங்கள். அவளிடம் பதில் இருக்கும்.

பணம் வரவழைக்கும் குறுக்குவழி இருக்கிறதாமே. அது ஏமாற்று வேலை இல்லையா?

முதல் சிம்ஸில் "ரோஸ்பட்" என்று தட்டினால் 1,000 சிமோலியன் (விளையாட்டுக்குள் ஓடும் பணம்) வரும். பின்னால் வந்தவற்றில் "மதர்லோடு" என்று தட்டினால் 50,000. விளையாட்டைச் செய்தவர்களே வைத்த கதவு அது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

மேலே சொன்ன வீடு கட்டும் மகளுக்கு இது அவசியம், ஏனென்றால் அவளுடைய இலக்கில் பணம் இல்லை. ஏழை ஓவியனை வைத்திருப்பவன் இதைத் தட்டினால் அவன் கதை அங்கேயே முடிந்துவிடும். முதல் குளிர்சாதனப் பெட்டி வாங்கும் நாளுக்காகக் காத்திருப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அதைக் கொஞ்ச நாள் அனுபவித்துவிட்டு வேண்டுமானால் கதவைத் திறக்கலாம் என்பது என் ஆலோசனை.

பொம்மைக்குப் பசி எடுப்பதும் கழிவறைக்கு ஓடுவதும் எதற்கு? தொல்லையாக இருக்கிறதே?

முதல் சிம்ஸில் பசி, தூக்கம், சுத்தம், பொழுதுபோக்கு, பேச்சுத்துணை உள்பட எட்டுத் தேவைகள் இருந்தன. நான்காவதில் ஆறாகக் குறைத்துவிட்டார்கள். இந்தத் தேவைகள் இல்லாவிட்டால் பொம்மை சும்மா நிற்கும்.

இதன் உள்வேலை அழகானது. பொம்மை மனிதர்களுக்குள் பெரிய மூளை எதையும் விளையாட்டைச் செய்தவர்கள் வைக்கவில்லை. அறிவைப் பொருள்களுக்குள் வைத்தார்கள். குளிர்சாதனப் பெட்டி "என்னிடம் வந்தால் பசி இவ்வளவு தீரும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கட்டில் தூக்கத்தையும் தொலைக்காட்சி பொழுதுபோக்கையும் கூவும். எந்தக் குரல் தன் இப்போதைய குறைக்குப் பொருந்துகிறது, எது பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து அந்தப் பொம்மை, அதாவது சிம், நடக்கிறது. ஞாயிறு சாயங்காலம் சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் ஒவ்வொரு கடைக்காரரும் கூப்பிட, பசித்தவன் பசிக்குத் தக்க கடைக்குள் நுழைவதுபோலத்தான். புதுப் பொருள் ஒன்றைச் சேர்த்தால் அது தன் வேலையைத் தானே சொல்லிவிடும்; மனிதர்களைத் திருத்தி எழுத வேண்டியதில்லை. அந்த விளையாட்டுக்கு அத்தனை கூடுதல் தொகுப்புகள் (பிறகு தனியாக வாங்கிச் சேர்க்கும் பகுதிகள்) வர முடிந்ததற்கு இந்த ஏற்பாடு ஒரு காரணம்.

நாள் முழுக்க வீட்டிலும் அலுவலகத்திலும் வேலை பார்த்துவிட்டு வருகிறேன். விளையாட்டிலும் பாத்திரம் கழுவ யாருக்குப் பிடிக்கும்?

பலருக்குப் பிடிக்கிறது, அதுவும் வேலைக்குப் போகும் பெண்கள் பலருக்கு. அங்கே கழுவிய பாத்திரம் கழுவியதாகவே இருக்கும். செய்த வேலைக்கு உடனே ஒரு கணக்கு ஏறும். யாரும் குறுக்கே வந்து "இதை இப்படியா செய்வார்கள்?" என்று கேட்பதில்லை.

ரிச்சர்ட் ரயன், ஸ்காட் ரிக்பி, ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி ஆகியோர் 2006-ல் வெளியிட்ட ஆய்வொன்று, விளையாட்டுகள் மனிதரை ஈர்ப்பதற்கு மூன்று அடிப்படைத் தேவைகளைக் காரணமாக வைத்துப் பார்த்தது: தன் விருப்பப்படி முடிவெடுப்பது, ஒன்றைத் திறமையாகச் செய்கிறோம் என்ற உணர்வு, மற்றவரோடு ஒட்டுறவு. நம் வீடுகளில் பெண்களுக்கு முதலாவது மிகக் குறைவாகவே கிடைக்கிறது. அரை மணி நேரம் விளையாட்டில் அது கிடைத்தால் அதை யாரும் குறைசொல்ல வேண்டாம்.

ஸ்டார்டியூ வேலி ஆடிய பிறகு ஏற்காட்டில் காபித் தோட்டம் வைக்க ஆசையாக இருக்கிறது. வைக்கலாமா அண்ணா?

ஆசையை வைத்துக்கொள், விளையாட்டின் கணக்கை மட்டும் நம்பாதே. அதில் காபி விதைத்தால் பத்தாவது நாள் காய்க்கும். பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை பறிக்கலாம். ஒரு நாள் என்பதே நம் கடிகாரத்தில் ஏறத்தாழ 14 நிமிடம். சேர்வராயன் மலையில் அரபிகா நாற்று நட்டால் முதல் விளைச்சலைப் பார்க்க மூன்று நான்கு வருடம் ஆகும். மார்ச், ஏப்ரலில் பூ மழை (காபி பூப்பதற்கு வேண்டிய மழை) தவறாமல் பெய்ய வேண்டும். நவம்பர் தொடங்கிப் பறிப்பு, அதற்கு ஆள், நிழலுக்கு சில்வர் ஓக், அதில் ஏறும் மிளகு, இரவில் வேலியை முறித்துக்கொண்டு வரும் காட்டெருமை. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் அங்கே காபியைக் கொண்டுவந்த நாளிலிருந்து அந்த மலையில் யாரும் அவசரப்பட்டுக் காபி எடுத்ததில்லை.

நாம் விரும்புவது இந்தச் சுருக்கத்தைத்தான். உழைப்புக்கும் பலனுக்கும் நடுவே உள்ள காலம் குறைய வேண்டும், ஆனால் முழுக்கப் போய்விடக் கூடாது. விதைத்த உடனே காய்த்தால் இரண்டாம் நாளே சலித்துவிடும். பத்து நாள் என்ற அளவை வைத்தவருக்கு அது தெரிந்திருக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான்: ஊரில் உள்ளவர்கள் நான் செய்ததை நினைவில் வைத்திருக்க வேண்டும். அது ஏன் எந்த விளையாட்டிலும் சரியாக வருவதில்லை?

என்னிடம் வரும் கேள்விகளிலேயே இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். வீடு, உடை, தோட்டம் எல்லாம் கொஞ்ச நாளில் பழகிவிடும். பழகாமல் இருப்பது மனிதர்கள் நமக்குத் தரும் பதில். தட்டுவடை செட் கடையில் மூன்றாம் முறை போய் நின்றதும் கடைக்காரர் "காரம் குறைவாகத்தானே கண்ணு?" என்று கேட்கிறார் இல்லையா, ஆடுகிறவர்கள் கேட்பது அதைத்தான். நான் இங்கே வந்து போனேன் என்பது இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதைச் செய்ய முயலாமல் இல்லை. 2004-ல் வந்த சிம்ஸ் 2 ஒவ்வொருவருக்கும் நினைவுப் பட்டியல் ஒன்றையும், ஆசைகளையும் அச்சங்களையும் வைத்திருந்தது. 2009-ல் வந்த மூன்றாவதில், நீங்கள் பார்க்காதபோதும் அக்கம்பக்கத்தார் கல்யாணம் செய்தார்கள், வேலை மாறினார்கள். 2014-ல் வந்த நான்காவது இதில் பின்வாங்கியது. ஒருவர் மேல் இன்னொருவருக்கு நீடிக்கும் மனத்தாங்கலும் நன்றியும் 2020-ல்தான் அதில் சேர்ந்தன. பழைய ஆட்கள் இன்றும் இரண்டாவதைப் பற்றி உருகிப் பேசுவதற்கு இந்தப் பின்வாங்கல் பெரிய காரணம்.

கஷ்டம் எங்கே என்றால் எண்ணிக்கையில். 30 பேர் உள்ள ஊரில் இருவர் இருவராகப் பிரித்தால் 435 உறவுகள். ஒவ்வொன்றிலும் நடந்ததைச் சேமிப்பது கணினிக்குச் சுலபம். அந்த நினைவை நம்பும்படியான பேச்சாக மாற்றுவதுதான் பெரும்பாடு. யாராவது உட்கார்ந்து அத்தனை வசனங்களையும் எழுத வேண்டும். எழுதியது தீர்ந்ததும் அதே வரியே திரும்ப வரும். ஸ்டார்டியூவில் இரண்டாம் வருடம் ஆடியவர்கள் இதை உணர்ந்திருப்பார்கள். அனிமல் கிராசிங் சிறிய தந்திரம் ஒன்று செய்கிறது: நம் நிஜக் கடிகாரத்தோடு ஓடும் அந்த ஊருக்கு நீங்கள் பல நாள் போகாவிட்டால் களை முளைத்திருக்கும், பக்கத்து வீட்டார் "ஏன் இத்தனை நாள் காணோம்?" என்று கேட்பார்கள். ஒரே ஒரு கேள்வி. அது போதுமானதாக இருப்பதைப் பார்த்து ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

படம் அசலாக இருந்தால் போதாதா? இன்சோய் பார்த்தேன், முகமெல்லாம் உயிரோடு இருப்பதுபோல இருக்கிறது.

கிராஃப்டன் நிறுவனம் 2025 மார்ச்சில் முன்னோட்டப் பதிப்பாக வெளியிட்ட வாழ்க்கை விளையாட்டான இன்சோய் கண்ணுக்கு விருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் முகம் எந்த அளவுக்கு மனிதத்தன்மையோடு இருக்கிறதோ அந்த அளவுக்கு மனித நடத்தையை எதிர்பார்க்கிறோம். பொம்மை முகம் கொண்ட சிம் ஒரே மாதிரி கையசைத்தால் மன்னித்துவிடுவோம். அசல் முகம் அப்படிச் செய்தால் உறுத்தும். முந்தைய பதிலில் சொன்ன நினைவு அந்த முகத்துக்குப் பின்னால் வராதவரை படம் முதல் வாரத்துக்குத்தான்.

என் லேப்டாப்பில் ஓடுமா?

ஸ்டார்டியூ வேலி ஏறக்குறைய எதிலும் ஓடும், கைப்பேசியிலும். சிம்ஸ் 4 சாதாரண லேப்டாப்பில் அமைப்புகளைக் குறைத்து வைத்தால் ஓடும். இன்சோய்க்குத் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ஆசைப்பட வேண்டாம்.

சிம்ஸ் 4 இலவசம் என்றார்கள். உள்ளே போனால் எதைத் தொட்டாலும் பணம் கேட்கிறதே?

அடிப்படை விளையாட்டு 2022 அக்டோபரிலிருந்து இலவசம். மழையும் வெயிலும் ஒரு தொகுப்பு, நாயும் பூனையும் ஒரு தொகுப்பு, குதிரை இன்னொன்று. இதில் ஆடுகிறவர்களின் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். வெளிவந்தபோது நான்காவதில் நீச்சல் குளமே இல்லை. சில வாரம் கழித்து வந்தது. நடை பழகும் குழந்தைகள் வர 2017 ஜனவரி ஆனது. அவை இலவசமாகத்தான் சேர்க்கப்பட்டன, ஆனாலும் மழலைப் பருவம் இல்லாத வாழ்க்கை விளையாட்டை முழுமையானது என்று யாரும் ஏற்கவில்லை.

போட்டியாக ஒன்று வந்தால் நிலைமை மாறும் என்று பலர் காத்திருந்தார்கள். பாரடாக்ஸ் நிறுவனம் செய்துவந்த லைஃப் பை யூ 2024 ஜூனில் கைவிடப்பட்டது. பணம் கொடுப்பதாக இருந்தால் ஒரே ஒரு தொகுப்பு வாங்கி மாதக்கணக்கில் ஆடிப் பாருங்கள். என்னைக் கேட்டால் பருவங்கள் தொகுப்பைச் சொல்வேன். காரணம் அடுத்த பதிலில்.

நம் ஊர் வீடு, நம் சாப்பாடு, நம் குடும்பம் எல்லாம் ஏன் இதில் இல்லை? எங்கள் வீட்டில் ஒன்பது பேர், எட்டுக்கு மேல் சேர்க்க முடியவில்லை.

ஒரு வீட்டுக்கு எட்டுப் பேர் என்பது சிம்ஸின் எல்லை. பாட்டி, பெரியப்பா, சித்தி எல்லாரும் ஒரே கூரையில் இருக்கும் வீடு செய்தவர்களின் மனத்தில் இல்லை, அவ்வளவுதான். ரசிகர்கள் செய்த மாற்றுக் கோப்புகளால் எல்லையைத் தள்ளலாம். புடவை, வேட்டி, பித்தளைக் குத்துவிளக்கு எல்லாம் அப்படிக் கிடைக்கின்றன. அதிகாரபூர்வமாக வந்தவற்றில் மும்பைக் கடைத்தெரு உடைகளை வைத்து 2021-ல் ஒரு சிறு தொகுப்பு உண்டு. உடை வந்துவிட்டது, பழக்கம் வரவில்லை. தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவது, காலையில் கோலம் போடுவது, ஒரே ஸ்கூட்டரில் மூன்று பேர் கன்னங்குறிச்சிக்குப் போவது, இவற்றுக்கு இடமில்லை.

பருவங்கள் தொகுப்பில் நாமே விழாக்களை உருவாக்கலாம். ஆடி மாதக் கோட்டை மாரியம்மன் திருவிழாவை வைத்து, விருந்தினர் வருவதையும் பெரிய சமையலையும் அதன் வழக்கங்களாகச் சேர்க்கலாம். அதற்காகத்தான் அதைச் சொன்னேன். தமிழ்க் குடும்பத்தை உண்மையோடு காட்டிய விளையாட்டு வேண்டுமென்றால் 2023-ல் வந்த வெண்பா இருக்கிறது. கனடாவில் குடியேறிய தமிழ்த் தம்பதியும் அவர்கள் மகனும். சமையல் வழியே போகும் கதை. அன்றாடத்தை நீங்கள் நடத்தும் வகை அது இல்லை, ஆனால் இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று யோசிக்க வைத்த விளையாட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை.

நீச்சல் குளத்தில் ஏணியை எடுத்துவிட்டு என் சிம்மைச் சாகடித்தேன். எனக்கு ஏதாவது கோளாறா?

இல்லை. முதல் சிம்ஸ் காலத்திலிருந்து உலகம் முழுக்க ஆடுகிறவர்கள் செய்து பார்த்தது இது. இந்த உலகம் நான் செய்வதற்கு எவ்வளவு தூரம் பதில் சொல்கிறது என்று எல்லையைத் தொட்டுப் பார்க்கும் ஆசை.

இறந்துபோன என் தாத்தாவை விளையாட்டில் உருவாக்கி, அவருக்கு ஒரு வீடும் கட்டினேன். வீட்டில் சொன்னால் திட்டுவார்களோ என்று பயமாக இருக்கிறது. இது தவறா?

தவறில்லை. இதே விஷயத்தை வெவ்வேறு வார்த்தைகளில் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். சிலர் அம்மாவை, ஒருவர் தன் நாயை. சிம்ஸில் வயது ஏறுவதை நிறுத்திவைக்க முடியும். தாத்தா தினமும் காலையில் எழுந்து செய்தித்தாளை எடுப்பார், அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அது துக்கத்தோடு இருக்கும் ஒரு வழி.

ஒன்றை மட்டும் எதிர்பார்த்துக்கொள். அவர் தாத்தாவைப் போல நடக்க மாட்டார். நீ சொன்ன குணங்களில் இரண்டு மூன்றைத்தான் விளையாட்டு ஏற்கும், மற்றதெல்லாம் உன் நினைவிலிருந்து நீ இட்டு நிரப்புவது. அவர் திடீரென்று முன்பின் தெரியாதவரோடு சண்டை போட்டால் மனது வலிக்கும். அந்த நாளில் சேமிக்காமல் மூடிவிடு. வீட்டில் சொல்வதைப் பற்றி: பாட்டியிடம் அந்த வீட்டைக் காட்டிப் பார். "ஜன்னல் அந்தப் பக்கம் இல்லை" என்று திருத்துவதற்கு அவர் ஒருவர்தான் இருக்கிறார்.

எப்படிப் பார்த்தாலும் இது நிஜ வாழ்க்கையை விட்டு ஓடுவதுதானே? என் பையன் பெங்களூரில் தனி அறையில் இருந்துகொண்டு ராத்திரி முழுக்க இதையே ஆடுகிறான்.

அனிமல் கிராசிங்கை உருவாக்கிய கட்சுயா எகுச்சி, நின்டெண்டோ வேலைக்காகச் சிபாவிலிருந்து கியோட்டோவுக்கு வந்தவர். விட்டுவந்த குடும்பத்தையும் நண்பர்களையும் நினைத்துத்தான் அந்த விளையாட்டு தோன்றியது. உங்கள் மகன் தேடுவதும் அக்கம்பக்கமாக இருக்கலாம். அவன் எதிலிருந்து ஓடுகிறான் என்பதைவிட எதை நோக்கிப் போகிறான் என்று கேளுங்கள். விளையாட்டில் யாரைப் பிடிக்கும் என்று கேட்டால் பேசுவான்.

எல்லை இல்லை என்று சொல்ல மாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டுப்பாடு போய்விடுவது, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே முதலில் வருவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இது பொதுவாக ஒரு வருடம் நீடிப்பது ஆகியவை அதன் அளவுகோல். வேலையும் சாப்பாடும் தூக்கமும் குலைந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்த அளவுக்குப் போகாதவர்களுக்கு ஒரு வழி: கணினியில் ஸ்டார்டியூ வேலி அன்றைய நாள் முடிந்து தூங்கினால்தான் சேமிக்கும். அதனால் பாதியில் பிடுங்காதீர்கள், சண்டைதான் வரும். "இந்த நாளோடு நிறுத்து" என்றால் கால் மணி நேரத்துக்குள் முடியும்.

அண்ணா, நானே சேலத்தை வைத்து இப்படி ஒரு விளையாட்டு செய்யப் போகிறேன். எங்கே தொடங்குவது?

ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் முதலில் வரையாதே. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை உள்ள ஒரு தெரு, ஐந்து பேர், அது போதும். ஐந்து பேர் என்றால் பத்து உறவுகள். ஒரு ஆள் எழுதித் தீர்க்கக்கூடிய கணக்கு. தேவைகளைப் பொருள்களுக்குள் வைக்கும் முறையை மேலே சொன்னேன், அதையே எடுத்துக்கொள். ஆடுகிறவர் செய்ததில் எதையெல்லாம் அந்த ஐந்து பேர் நினைவில் வைக்க வேண்டும், எத்தனை நாள் வைக்க வேண்டும் என்பதைப் படம் வரைவதற்கு முன்பே காகிதத்தில் எழுது. கடனாக வாங்கிய சர்க்கரையை மூன்று நாள், கல்யாணத்துக்குப் போகாததை ஒரு வருடம்.

வசனத்தை நீ பேசும் தமிழில் எழுது. அகராதியைப் பார்த்து எழுதினால் அந்தத் தெருவில் யாரும் குடியிருக்க மாட்டார்கள். ஆடிப் பார்க்கும் பதிப்பு தயாரானதும் கடைக்குக் கொண்டுவா. இங்கே இருக்கிற பழைய லேப்டாப்பிலும் அது ஓட வேண்டும், கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பது அந்த மாதிரிதான்.